காதுக்கு எட்டும் விலை

பெங்களூர் எஸ்.பி. ரோடில் கம்ப்யூட்டருக்கு முதல் ஹெட்ஃபோன் தேடி வருகிறவருக்குத் தேவை: பழகிய நான்கு பாட்டு, கொஞ்சம் பொறுமை, ஒரு பில்.

ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது. பெங்களூர் டவுன் ஹாலுக்கும் சிட்டி மார்க்கெட்டுக்கும் நடுவே இருக்கும் சதர் பத்ரப்பா ரோடில், சரக்கு இறக்க ஒரு ஆட்டோ நின்றால் போதும், பின்னால் வருகிற அத்தனை பேரும் ஹாரனில் கை வைத்துவிடுவார்கள். முழுப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஆட்டோக்காரரே ஒரு கணம் யோசிப்பார். நகரத்துக்கு அது எஸ்.பி. ரோடு.

இருபுறமும் பத்தடி அகலக் கடைகள். ஒன்றில் ரெசிஸ்டரும் கண்டென்சரும் பலசரக்குக் கடைப் பருப்புபோல் டப்பா டப்பாவாக. அடுத்ததில் வயர் சுருள்கள். அதற்கடுத்ததில் கண்காணிப்புக் கேமரா, பழைய மானிட்டர், லேப்டாப் சார்ஜர். கூரையிலிருந்து பிளாஸ்டிக் கொக்கிகளில் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன ஹெட்ஃபோன்கள். வியாபாரம் கன்னடத்தில் தொடங்கி, இந்தியில் விலை பேசி, பல சமயம் தமிழில் முடிகிறது. கடைக்காரருக்கு வாங்குபவர் 'பாஸ்'. வாங்குபவருக்குக் கடைக்காரர் 'அண்ணா' அல்லது 'குரு'. ராஜஸ்தானிலிருந்து வந்து இரண்டு தலைமுறை ஆன வியாபாரிகூட 'எஷ்டு பேக்கு?' என்றுதான் ஆரம்பிப்பார்.

1537-ல் கெம்பே கவுடா அமைத்த பழைய பேட்டையின் பகுதி இது. சுற்றியுள்ள தெருக்கள் இன்னும் தொழில்வாரியாகவே பிரிந்திருக்கின்றன. சிக்பேட்டையில் பட்டு, அவென்யூ ரோடில் புத்தகம், ஜே.சி. ரோடில் கார் உதிரி பாகம், பளேபேட்டையில் வீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும். எஸ்.பி. ரோடுக்கு வாய்த்தது எலக்ட்ரானிக்ஸ்.

அது தற்செயல் அல்ல. பெங்களூரில் 1940-ல் விமானத் தொழிற்சாலை வந்தது. 1948-ல் டெலிபோன் செய்ய ஐ.டி.ஐ.; 1954-ல் பாரத் எலக்ட்ரானிக்ஸ். 1960களின் தொடக்கத்தில் ஜாலஹள்ளியில் ரேடியோ வால்வும் டிரான்சிஸ்டரும் தயாராகத் தொடங்கின. சால்டர் பிடிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையே நகரில் உருவாயிற்று. பாலக்காட்டில் 1963-ல் பிறந்த பி.பி.எல். பெங்களூருக்கு ஜாகை மாற்றிக்கொண்டு டேப் ரெகார்டரும் டி.வி.யும் விற்றது. 1985-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்து மில்லர்ஸ் ரோடில் கடை விரித்தபோது அதன் செயற்கைக்கோள் ஆன்டெனா மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது என்பது ஊரார் சலிக்காமல் சொல்லும் கதை. அதே நிறுவனத்தின் ஆம்ப்ளிஃபயர் சில்லு பொருத்திய சீனப் பலகைகள் இன்று எஸ்.பி. ரோடு கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மாட்டு வண்டி இல்லாமலே வந்து சேருகின்றன.

இந்தச் சந்தைக்குக் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க ஏதாவது வாங்கலாம் என்று முதல்முறையாக வருகிறவர் யார்? பெரும்பாலும் கல்லூரி மாணவர். அல்லது ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ வேலைக்கு வந்து, பி.டி.எம். லேஅவுட்டில் நாலு பேரோடு அறை எடுத்து, முதல் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருக்கும் இளைஞர். கையில் இரண்டாயிரமோ மூவாயிரமோ இருக்கும். வாயில் நண்பர்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள்: டேக், ஆம்ப், 24 பிட், ஹை-ரெஸ். ஹெட்ஃபோன் எப்படி இருக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பணம் தப்பான இடத்துக்குப் போவது இங்கேதான்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு வெறும் எண் வரிசை. 1982-ல் சி.டி. வந்தபோது வகுத்த கணக்கு இன்னும் அடிப்படையாக இருக்கிறது: ஒலி அலையை விநாடிக்கு 44,100 முறை அளப்பது, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுவது. மனிதக் காது எட்டுகிற 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் அது போதும். வயது ஏற ஏற அந்த உச்சமும் இறங்கிவிடும். இந்த எண்களை மின் அலையாக மாற்றும் சில்லுக்குத்தான் டேக் என்று பெயர். அந்த அலைக்குத் தெம்பு ஊட்டுவது ஆம்ப்ளிஃபயர். கடைசியாக, காதருகே ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், வெங்காயத் தோல்போல் மெல்லிய ஒரு சவ்வு. சுருள் அசைய சவ்வு அசைகிறது, காற்று அசைகிறது, பாட்டுக் கேட்கிறது.

இந்தச் சங்கிலியில் முதல் இரண்டு கண்ணிகளும் கம்ப்யூட்டர் வாங்கும்போதே கூட வந்துவிடுகின்றன. எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1980களின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த சங்கீதம் 'பீப்' ஒன்றுதான். 1989-ல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையைக் கொண்டுவந்தது. அதன் நிறுவனர் சிம் வோங் ஹூ 2023-ல் காலமானார். 1990கள் முழுக்க, பாட்டு வேண்டுமென்றால் அந்த மாதிரி ஒரு அட்டையைத் தனியாக வாங்கிச் சொருக வேண்டும், எஸ்.பி. ரோடிலும் அது ஒரு நல்ல வியாபாரம். 1997-ல் இன்டெல் வகுத்த தரமும் 2004-ல் வந்த அடுத்த தரமும் அந்த வேலையைத் தாய்ப்பலகைக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தன. பின்பக்கம் பச்சை ஓட்டை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்ற வர்ணக் கணக்கும் 1990களின் கடைசியில் ஏற்பட்டதுதான். அட்டை வியாபாரம் படுத்தது. தைவான் சில்லு ஒன்று பலகையின் மூலையில் சத்தமில்லாமல் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சத்தமில்லாமல் என்பதுதான் முக்கியம். வெளியே தனியாக டேக் வாங்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு காசும் செலவில்லாத சோதனை உண்டு. ஏதேனும் ஒரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, பாட்டு ஓடாதபோது வால்யூமை மெல்ல ஏற்ற வேண்டும். மவுஸை நகர்த்தும்போது கிறுகிறுப்பு கேட்கிறதா? ஃபைல் திறக்கும்போது சுவர்க்கோழி கத்துகிறதா? கேட்டால், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின் இரைச்சல் ஒலியில் கலக்கிறது, யு.எஸ்.பி.யில் சொருகும் சின்ன டேக் ஒன்று அதைத் தீர்த்துவிடும். கேட்கவில்லை என்றால் அந்தச் செலவு வேண்டாம். (பாட்டைப் போடுமுன் வால்யூமைக் குறைக்க மறந்தால், அன்றைய சோதனை அதோடு முடிந்தது.)

டேக் வேண்டியிருந்தாலும் அதற்கும் பெரிய பெட்டி தேவையில்லை. ஹெட்ஃபோன் ஓட்டை இல்லாத போன்களுக்காக ஆப்பிள் விற்கும் விரல் நீள வாலுக்குள் டேக்கும் ஆம்ப்ளிஃபயரும் இருக்கின்றன. அது லேப்டாப்பிலும் வேலை செய்யும்; அளந்து பார்த்தவர்கள் அதற்கு நல்ல மார்க் போடுகிறார்கள். கண்ணாடி அலமாரியில் நீல விளக்கோடு மினுக்கும் அலுமினியப் பெட்டிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஆரம்பிக்கிறவரின் காது பெரும்பாலும் கண்டுபிடிக்காது. மோசமான ஹெட்ஃபோனுக்கும் நல்ல ஹெட்ஃபோனுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் காதும் பத்து விநாடியில் கண்டுபிடித்துவிடும்.

பெட்டிகளுக்கு நியாயமாக வேலை வருவது ஒரே சந்தர்ப்பத்தில். ஹெட்ஃபோன் அட்டையில் 'ஓம்' என்ற அளவு ஒன்று இருக்கும். பெரும்பாலான சாதாரண ஹெட்ஃபோன்களில் அது 16 முதல் 40-க்குள். ஸ்டூடியோக்களில் 1991 முதல் உழைக்கும் சோனி எம்.டி.ஆர். 7506-க்கு 63. இவற்றை எந்த லேப்டாப்பும் பாட வைக்கும். 1997-ல் வந்து இன்றும் விற்கும் சென்ஹைசர் எச்.டி. 600-க்கு 300 ஓம். அதை லேப்டாப்பில் நேராகச் சொருகினால், குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் இருக்கும். ஓமோடு 'சென்சிடிவிட்டி' என்ற எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஓம் குறைவாக இருந்தும் தெம்பு அதிகம் கேட்கும் சோம்பேறிகள் உண்டு. முதல் ஹெட்ஃபோனுக்கு அந்த வம்பே வேண்டாம். சுலபமாகப் பாடுவதை வாங்கினால் ஆம்ப்ளிஃபயர் பணம் மிச்சம்.

அடுத்த கேள்வியைத் தீர்மானிப்பது பெங்களூர்தான். ஹெட்ஃபோனில் திறந்த முதுகு என்றும் மூடிய முதுகு என்றும் இரண்டு ஜாதி. முதுகில் வலை வைத்த திறந்த வகையில் ஒலி விசாலமாக இருக்கும், காது வேர்க்காது. ஆனால் வெளிச் சத்தம் அத்தனையும் உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு அறைக்கே கேட்கும். ஜெயநகரின் மரங்கள் சூழ்ந்த வீட்டில் தனி அறை இருப்பவருக்கு அது சரி. சில்க் போர்டு சந்திப்பைப் பார்த்த ஜன்னலும் பக்கத்துக் கட்டிலில் தூங்கும் நண்பரும் இருப்பவருக்கு மூடிய முதுகுதான். அல்லது காதுத் துவாரத்துக்குள் ரப்பர் முனையோடு உட்காரும் 'ஐ.இ.எம்.' வகை இயர்போன். மேடைப் பாடகர்களுக்காக ஏற்பட்ட இது, சீனத்துச் சிறு கம்பெனிகளின் புண்ணியத்தில் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்கு இறங்கி வந்துவிட்டது. அந்த விலைக்கு இவ்வளவு சுத்தமான ஒலி 15 வருஷங்களுக்கு முன் கற்பனையில்கூட இல்லை. கையில் இரண்டாயிரம்தான் என்றால் யோசிக்காமல் இதுதான். காதுக்குள் ஏதோ அடைத்த உணர்வு பிடிக்காதவர்களைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ரப்பர் முனையின் அளவு சரியாக இல்லையென்றால் ஐ.இ.எம்.மில் கனமான ஒலியே கேட்காது. காது மூடாததால் அது வெளியே கசிந்துவிடும். பெட்டியில் மூன்று அளவு முனைகள் தருவது அதற்காகத்தான். முதல்நாளே 'பாஸே இல்லை' என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களில் பாதிப் பேர் நடு அளவு முனையைக் கழற்றியே இருக்க மாட்டார்கள்.

எதைப் போட்டுக் கேட்டுப் பார்ப்பது? கடையில் போன் தயாராக இருக்கும். அதில் டமடமவென்று அதிரும் ஏதோ ஒரு பாட்டும் தயாராக இருக்கும். அந்தப் பாட்டு எந்த ஹெட்ஃபோனிலும் நன்றாகத்தான் இருக்கும். அதை விற்பவர் தேர்ந்தெடுத்ததே அதற்காக. வாங்குபவர் தன் பாட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதுவும் நூறு முறை கேட்ட பாட்டாக.

இந்த விஷயத்தில் தமிழ்க் காதுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு கச்சேரிப் பதிவைவிடக் கறாரான பரிசோதகர் கிடைப்பது கஷ்டம். தம்புராவின் மீட்டலில் அடிப்படைச் சுருதிக்கு மேலே கிளம்பும் நுண்ணிய ரீங்காரம் ஒன்று உண்டு. ஜீவாளி சரியாக இருந்தால் எழும் அது, நல்ல ஹெட்ஃபோனில் தனியே மிதக்கும்; சாதாரண ஹெட்ஃபோனில் பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசுவாகிவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கம், ரவையைக் குழைத்துப் பூசிய தொப்பி. அதன் ஒலி உருண்டு வந்து நிற்க வேண்டும். நிற்காமல் அடுத்த அடிமேல் வழிந்தால், அந்த ஹெட்ஃபோனில் பாஸ் அதிகம். வயலினின் கீழ்த் தந்தியையும் அது விழுங்கிவிடும். எல்லாவற்றையும்விட கஞ்சிரா. ஒரு கைத் தட்டலில், மற்றக் கையின் விரல் தோலை அழுத்த, ஒலி கீழிருந்து மேலே வளைந்து ஏறுகிறதே, அந்த வளைவு முழுசாகக் கேட்டால் பணத்தை எடுக்கலாம்.

சினிமாப் பாட்டே போதும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழ் சினிமாவில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று பெயர் பெற்றவை 1978-ல் வந்த 'ப்ரியா'வின் பாடல்கள். அதற்கு முந்தைய எம்.எஸ்.வி., கே.வி. மகாதேவன் பாட்டுகளின் மூலப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டால் பாடுகிறவர் நடு மண்டைக்குள் உட்கார்ந்திருப்பார். அது ஹெட்ஃபோனின் குற்றம் இல்லை. ஒற்றைத் தடப் பதிவு அப்படித்தான். இடம் வலம் பிரிவதைப் பார்க்க இளையராஜாவின் 1986-ம் வருஷத்து 'ஹவ் டு நேம் இட்' மாதிரி வாத்திய இசை நல்லது. எந்த வயலின் எந்தப் பக்கம் என்று விரல் நீட்டிக் காட்ட முடிகிறதா என்று பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. நல்ல ஹெட்ஃபோன் பாட்டோடு சேர்த்துப் பதிவின் அழுக்கையும் காட்டும். தேய்ந்த கேசட்டிலிருந்து யாரோ எடுத்து, யாரோ சுருக்கி, யாரோ ஏற்றிய அபூர்வக் கச்சேரி, பழைய இயர்போனில் அமிர்தமாக இருந்திருக்கும். புதியதில் அது மழை பெய்யும் தகரக் கொட்டகை. பணம் போய்விட்டதே என்று பதறி அடுத்த வாரம் டேக் வாங்க வருகிறவர்கள் இந்த ரகம். டேக்கால் கேசட்டைப் புதுசாக்க முடியாது.

விலை ஏற ஏறத் தரம் ஏறுமா? 2017-ல் ஜெரூன் பிரேபார்ட் என்ற ஒலி ஆராய்ச்சியாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். எந்த சுருதியை எவ்வளவு உரக்கத் தருகின்றன என்ற அந்த அளவுக்கும் விலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தெரிந்தது. கட்டுமானம், பஞ்சு, வயர், பெயர் இவற்றுக்குத்தான் விலை. பெரும்பாலானவர்களுக்கு எந்த மாதிரி ஒலி பிடிக்கிறது என்று பல வருஷம் ஆளுக்கு ஆள் கேட்டு வளைகோடாக வரைந்தது ஹார்மன் நிறுவனம். அதற்கும் பெங்களூரில் பெரிய பொறியியல் மையம் இருக்கிறது. கையில் இருக்கும் ஹெட்ஃபோன் அந்தக் கோட்டிலிருந்து விலகினால், 'ஈக்வலைசர் ஏ.பி.ஓ.' போன்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு ஓரளவு திருத்திக்கொள்ளலாம். கம்ப்யூட்டரில் கேட்பதன் லாபமே இதுதான்.

எஸ்.பி. ரோடின் உண்மையான ஆபத்து வேறு: போலி. உலகப் பெயர் ஒன்றைத் தாங்கிய இயர்போன் கால் விலைக்குத் தொங்கும். அட்டை, எழுத்து, ஒட்டுத்தாள் எல்லாம் அச்சு அசல். 'ஃபர்ஸ்ட் காப்பி' என்று சில கடைகள் ஒளிவு மறைவில்லாமலே சொல்லிவிடுகின்றன. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. சொல்லாத கடைதான் பிரச்சினை. பெயரில்லாத ஐந்நூறு ரூபாய் இயர்போன், பெயரைத் திருடிய ஆயிரம் ரூபாய் இயர்போனைவிட மேல். அதை விற்பவர் எதையும் ஒளிக்கவில்லை.

இதைக் காட்டிக்கொடுக்கும் கேள்வி ஒன்றுதான்: 'பில் உண்டா?' பில் என்றதும் விலை ஏறும்; ஜி.எஸ்.டி. 18 சதவீதம். புதியவர் இங்கே தடுமாறுகிறார். மூவாயிரம் ரூபாய்க்கு ஐந்நூற்று நாற்பது மிச்சமாகிறதே! ஆனால் பில் இல்லையென்றால் கேரண்டி இல்லை, ஆறாம் மாதம் ஒரு காது ஊமையானால் கேட்க நாதியில்லை. கேரண்டி இருக்கும் பொருளுக்குப் பில்லோடு வாங்குவதே மலிவு. கம்பியில்லா ஹெட்ஃபோன் என்றால் இன்னொரு பிடியும் இருக்கிறது. அவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் பதிவு கட்டாயம். அட்டையில் 'ஆர்' என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் அது யாருடையது என்று கடைவாசலிலேயே தெரிந்துவிடும்.

கம்பியா, கம்பியில்லாததா? கடைகளில் இன்று கம்பியில்லாதவைதான் முன் வரிசை. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கேட்பவருக்குக் கம்பி ஒரு தொந்தரவே அல்ல என்பதை யாரும் சொல்வதில்லை. அதே பணத்தில் பேட்டரி, ரேடியோ, சார்ஜ் டப்பா எல்லாவற்றையும் அடக்க வேண்டியிருப்பதால் ஒலிக்கு மிஞ்சுவது குறைவு. பேட்டரி சில வருஷத்தில் தளர்ந்துவிடும். கம்பிக்கு வயது ஏறாது. வேலை பார்ப்பவருக்கு இன்னொரு சிக்கல். ப்ளூடூத் ஹெட்செட்டில் அருமையாகப் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு, மீட்டிங் தொடங்கி மைக் திறந்ததும் பழைய டெலிபோன்போல் சுருங்கிவிடும். பாட்டு ஒரு வழிப்பாதை, பேச்சு இரு வழிப்பாதை. இரண்டையும் சேர்த்துக் கடத்த வழக்கமான ப்ளூடூத்தில் இடம் போதாது. ஹெட்செட் கெட்டுவிட்டது என்று இதற்காகவே திரும்பி வருகிறவர்கள் உண்டு. கம்பி ஹெட்ஃபோனும் தனியாக ஒரு சின்ன யு.எஸ்.பி. மைக்கும் இருந்தால் இந்த ரகளை இல்லை.

கம்பியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பின்னில் இரண்டு கறுப்பு வளையம் என்றால் பாட்டு மட்டும். மூன்று வளையம் என்றால் மைக்கும் சேர்ந்தது. மூன்று வளையப் பின்னை மேசைக் கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டையில் சொருகினால் பாட்டு வரும், மைக் வராது. பச்சைக்கும் இளஞ்சிவப்புக்குமாக இரண்டாகப் பிரியும் வால் ஒன்று எஸ்.பி. ரோடில் எந்தக் கடையிலும் அகப்படும். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தலையில் எதையும் மாட்டப் பிடிக்காதவர்கள் ஸ்பீக்கர் பக்கம் போகலாம். இரண்டு சின்னப் பெட்டிகளும் மேசைக்கடியில் ஒரு பெரிய பெட்டியும் வருகிற '2.1' செட்டுகள்தான் இங்கே அதிகம் விற்பவை. சினிமாச் சண்டைக்கு அவை போதும். பாட்டுக்கு, அந்தப் பெரிய பெட்டி இல்லாமல், அதே பணத்தில் ஓரளவு கனமான இரண்டு பெட்டிகள் மேல். காது மட்டத்தில், காதைப் பார்த்தபடி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் ஐந்தாயிரம் ரூபாய்ப் பெட்டி எட்டாயிரம் ரூபாய்ப் பெட்டியாகிவிடும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டதும் ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று முனகினால், உடனே டேக்கையோ ஸ்பீக்கரையோ மாற்ற ஓட வேண்டாம். சுவரில் இருக்கும் மூன்று துளைகளில் எர்த் உண்மையிலேயே மண்ணைத் தொடுகிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. பழைய வாடகை வீடுகளில் மூன்றாவது துளை பல சமயம் அலங்காரம்தான்.

வலைக் கடைகள் வந்தபின் எஸ்.பி. ரோடின் பாடு லேசில்லை. விலையைப் போனில் காட்டி, 'அங்கே இருநூறு கம்மி' என்று சொல்லும் வாடிக்கையாளர் நாள் முழுக்க வருகிறார். சென்னையில் தொடங்கிய ஹெட்ஃபோன் சோன் போல இதற்கென்றே ஏற்பட்ட கடைகள், எஸ்.பி. ரோடு பார்த்திராத ரகங்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்புகின்றன. உயர்ந்த ரகம் தேடுகிறவருக்கு எஸ்.பி. ரோடில் அதிகம் இல்லை என்பதும் உண்மை. இந்தத் தெருவுக்கு மட்டும் மிச்சமிருப்பது இரண்டு விஷயம். ஒன்று, நல்ல கடையாகப் பார்த்துக் கேட்டால், மாதிரிக்கு வைத்திருப்பதைத் தலையில் மாட்டிப் பார்க்கலாம். அரைமணி நேரத்தில் காது மடல் வலிக்குமா, தாடை இறுகுமா என்பதை எந்தப் படமும் சொல்லாது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது ஒலியைவிட முக்கியம். இரண்டாவது, ரிப்பேர். ஹெட்ஃபோன் சாவது பெரும்பாலும் பின்னுக்கு அருகே வயர் அறுந்துதான். புதுப் பின் ஒன்றை வைத்து ஈயப் பற்று போட்டுத் தர, சந்துக்குள் ஒரு ஸ்டூலும் ஒரு பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருப்பவருக்குப் பத்து நிமிஷ வேலை. அதனால் கழற்றி மாட்டும் வயரும், தனியாகக் கிடைக்கும் பஞ்சும் உள்ள ஹெட்ஃபோனுக்கு நூறு இருநூறு கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை. ஞாயிறு காலைகளில் சிக்பேட்டைப் பக்கம் கூடும் சோர் பஜாரில் பழைய ஹெட்ஃபோனும் கிடைக்கும். யார் காதிலிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. புதியவர் அங்கே வேடிக்கை மட்டும் பார்ப்பது உத்தமம்.

வால்யூம் விஷயத்துக்குக் கடையில் யாரும் வருவதில்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 90-க்கு ஏற்றினால் 4 மணி நேரம்தான். நாள் முழுக்க ஹெட்செட்டோடு வேலை, ராத்திரி அதே காதில் பாட்டு என்று இருக்கும் நகரத்தில் இந்தக் கணக்கு வெள்ளிக்கிழமைக்கு முன்பே தீர்ந்துவிடும். காதுக்குள் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை போனால் திரும்ப முளைப்பதில்லை. அவற்றுக்கு எஸ்.பி. ரோடில் உதிரி பாகம் கிடையாது. மூன்று மணி நேர ரயில் தூரத்தில், மைசூரில், 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் கழகம் இருக்கிறது, அங்கேயும் கிடையாது. மூடிய முதுகும் நன்றாக அடைக்கும் ரப்பர் முனையும் இங்கேதான் உண்மையில் உதவுகின்றன. வெளிச் சத்தம் குறைந்தால் வால்யூமை ஏற்றும் கை தானாக இறங்கும்.

இந்தச் சந்தையில் காது தேர்ந்தவராக வலம்வர ஆசைப்படுகிறவருக்கு, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நிஜமாகவே பள்ளிக்கூடம்தான்: சாமராஜ்பேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானம். 1939-ல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலி ராமநவமிக் கச்சேரிகளை நடத்திப் பேர் வாங்கிய இடம். எம்.எஸ்.ஸும் செம்மங்குடியும் பாடிய பந்தல். அங்கே முன் வரிசைக்கு அருகே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, கஞ்சிராவும் தம்புராவும் எப்படி இருக்கும் என்று மனசில் எழுதிக்கொண்டு வந்தால், அடுத்த நாள் கொக்கியில் தொங்கும் ஹெட்ஃபோன் பொய் சொல்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பந்தலிலும் ஒலிபெருக்கிதானே என்று கேட்டால், ஆமாம். அதனால்தான் முன் வரிசை.

போக வழி சுலபம். 2017 ஜூனில் நம்ம மெட்ரோவின் பச்சைத் தடம் பேட்டைக்கு அடியில் திறந்தபின், சிக்பேட்டை நிலையத்திலோ கே.ஆர். மார்க்கெட் நிலையத்திலோ இறங்கி நடந்துவிடலாம். கார் கொண்டுபோகிறவர்கள் நிறுத்த இடம் தேடுவதிலேயே பாட்டுக் கேட்கும் மனநிலையை இழந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் எதையும் கேட்க முடியாது. வார நாளில் காலைப் பதினொரு மணிக்கு, ஷட்டர் ஏறி, ஊதுபத்தி புகைந்து, முதல் போணிக்குக் கடைக்காரர் காத்திருக்கும் நேரத்தில் போனால், நான்கு பாட்டையும் முழுசாகக் கேட்க விடுவார்கள்.